ஹார்ட் பிளாக் என்பது ரத்தக்குழாய் அடைப்பு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் இதயநோய் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்திருந்தது. அதில், 'ஹார்ட் பிளாக்' மூன்று நிலைகளில் வரும் என்றும், ரத்தக்குழாய் 30 சதவீதம் அடைத்திருந்தால் முதல் நிலை, 70 சதவீதம் அடைத்திருந்தால் இரண்டாம் நிலை, முழுவதும் அடைபட்டால் மூன்றாம் நிலை என்றும், மூன்றையும் ஸ்டென்ட் என்ற, குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழலைப் பொருத்திச் சரிசெய்துவிடலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. மூன்று நிலைகள் உண்டு என்பது மட்டுமே அந்தப் பத்தியில் சரியான செய்தி.

நான் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் இ.சி.ஜி. எடுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன், நோயைத் தீர்மானிப்பது என் வேலையாக இருந்ததும் இல்லை. ஆனால் அந்தக் கட்டம் போட்ட தாளில் ஓடும் கோடுகளை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, எந்தக் கோட்டைக் கண்டால் தாளைக் கிழித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும், எதைக் கண்டால் ஓட வேண்டியதில்லை என்பது கைப்பழக்கமாகிவிட்டது. அந்த உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தப் பிழைக்குத் தங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்களில் ஒருவருக்கு 'ரெண்டு பிளாக் இருக்காம்' என்று சொன்னால், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்களில் கொழுப்புப் படிந்து இரண்டு இடங்களில் அடைப்பு உண்டாகியிருக்கிறது என்றே பொருள் கொள்கிறோம். அந்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் பரவலானபின் அந்தச் சொல் பேச்சில் அப்படி ஊன்றிவிட்டது. மருத்துவர்கள் எழுதும் 'ஹார்ட் பிளாக்' வேறு. 1880களில் கேம்பிரிட்ஜில் வால்ட்டர் காஸ்கெல் என்ற உடலியல் அறிஞர் ஆமையின் இதயத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட தசையை நெருக்கிப் பிடித்துச் சோதித்தார். மேலறை துடித்துக்கொண்டே இருக்க, கீழறைக்கு அந்தத் துடிப்பு சில முறை போய்ச் சேர்ந்தது, சில முறை சேரவில்லை. அவர் 'பிளாக்' என்று குறித்தது இதைத்தான். ரத்தம் நின்றதை அன்று; செய்தி நின்றதை.

எங்கள் பக்கத்தில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தேர் நகராமல் நிற்கிறது என்றால், வடம் பிடிப்பவர்கள் பசியால் சோர்ந்திருக்கலாம். அல்லது உடலில் தெம்பு இருந்தும் 'இழு' என்னும் குரல் அவர்கள் காதில் விழாமல் இருக்கலாம். முதலாவது கரோனரி அடைப்பு. இரண்டாவது ஹார்ட் பிளாக். பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும். குரல் கேட்காதவனுக்குச் சோறு போட்டுப் பயனில்லை.

இந்தக் குழப்பத்தால் விளைந்த இரண்டு நிகழ்வுகளை என்னால் மறக்க இயலவில்லை. குடலிறக்க அறுவைக்கு முன் இ.சி.ஜி. எடுக்க வந்த கொத்தனார் ஒருவரின் தாளில், 'வலது கற்றைக் கிளை பிளாக்' என்று இயந்திரமே ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டது. அதைப் படித்துப் பொருள் சொன்ன உறவினர் ஒருவர் இதயத்தில் வலது பக்கம் அடைத்துவிட்டது என்றார். கொத்தனார் அறுவையைத் தள்ளிப்போட்டு, வேலைக்குப் போவதை நிறுத்தி, மனைவியின் நகையை அடகு வைத்து வெளியூரில் ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டு வந்தார். குழாய்கள் அனைத்தும் சீராக இருந்தன. இதயத்தில் வேறெந்தக் கோளாறும் இல்லாத பலரிடம் அந்த வலது கிளைத் தடை, அதாவது துடிப்புச் செய்தி போகும் வழியின் வலது கிளையில் மட்டும் உள்ள தடை, தற்செயலாகத் தென்படுவதுண்டு.

மற்றது இதற்கு நேர்மாறானது. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் அடிக்கடி மயங்கி விழுந்திருக்கிறார். விழும்போது கைகால் வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று எண்ணி இரண்டு ஆண்டுகள் வலிப்பு மாத்திரை தின்றிருக்கிறார். எங்களிடம் வந்தபோது நாடி நிமிடத்துக்கு 32. கோடுகளைப் பார்த்த மருத்துவர் முழுமையான ஹார்ட் பிளாக் என்று சொல்லி, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டும் என்றார். உடன் வந்த மகன்களோ, பிளாக்தானே, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திப் பூண்டும் வெந்தயமும் கொடுத்துக் கரைத்துவிடலாம் என்று அழைத்துப் போய்விட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நிலையில் அவரை மீண்டும் தூக்கி வந்தார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததற்கு அந்த அம்மாள் கொடுத்த விலை அது.

ஆகவே தங்கள் வாசகர்களுக்காக, அந்தப் பத்தியில் இருந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறு திசுப் பகுதி இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிப்புக்கான மின் உந்தல் அங்கே தானாகப் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணுவை வந்தடைந்து, அங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி தாமதிக்கிறது. அந்தத் தாமதம் குறையன்று; மேலறை தன்னிடமுள்ள ரத்தத்தைக் கீழறைக்குள் முழுவதும் தள்ளி முடிப்பதற்கான அவகாசம். பின்னர் உந்தல் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை எனப் பிரிந்து, பர்க்கின்ஜி இழைகள் மூலம் கீழறைத் தசை முழுவதையும் நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் எட்டுகிறது. இந்த வழியை ஒரே ஆள் கண்டுபிடித்துவிடவில்லை. கடைசியிலுள்ள இழைகளைப் பர்க்கின்ஜி 1839இலேயே கண்டார். நடுவிலுள்ள கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் 1893இல் விவரித்தார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1906இல் ஏ.வி. கணுவை இனங்கண்டு அனைத்தையும் ஒரே தொடராக இணைத்துக் காட்டினார். உந்தல் பிறக்கும் சைனஸ் கணுவைக் கீத்தும் ஃபிளாக்கும் 1907இல்தான் கண்டார்கள். கடைமடையில் தொடங்கி மேலேறிப் போய்த் தலைமதகைக் கண்டுபிடித்த கதை.

இந்த வழியில் எங்கே தடங்கல், எவ்வளவு தடங்கல் என்பதை வைத்தே வகைகள் பிரிக்கப்படுகின்றன. 'நிலை' என்று நாம் மொழிபெயர்ப்பதும் ஒரு சிக்கலே. புற்றுநோயின் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இதுவும் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் கட்டாயம் முற்றும் நோய் என்று தோன்றும். இங்கே நிலை என்பது எத்தனை உந்தல்கள் கீழே போய்ச் சேர்கின்றன என்ற கணக்கு. எல்லாம் சேர்கின்றன, ஆனால் தாமதமாக என்றால் முதல் நிலை. சில சேர்கின்றன, சில சேர்வதில்லை என்றால் இரண்டாம் நிலை. ஒன்றும் சேர்வதில்லை என்றால் மூன்றாம் நிலை.

முதல் நிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலையின் தொடக்கத்திலிருந்து கீழறைத் துடிப்பின் தொடக்கம் வரை ஐந்து சிறு கட்டங்களைத் தாண்டினால், அதாவது 0.20 நொடிக்கு மேல் போனால், இயந்திரம் 'முதல் நிலை பிளாக்' என்று அச்சடித்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை, சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. எனினும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக வரும் சிறுவனிடம் இந்த நீட்சியைக் கண்டால், ருமாட்டிக் காய்ச்சலாக இருக்குமோ என்று மருத்துவர் யோசிப்பார். அந்த நோயைத் தீர்மானிக்கும் துணை அடையாளங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் நிலையில்தான் நுட்பம் அதிகம். என் பணிக்காலத்தில் எனக்குப் பிடித்தமான பகுதியும் இதுவே. இதில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில் பி அலைக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பி அலை மட்டும் வந்து கீழறைத் துடிப்பு வராமல் போகும். பிறகு மீண்டும் குறுகிய தூரத்திலிருந்து கணக்குத் தொடங்கும். பள்ளிக்கு நாள்தோறும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி என்று தாமதித்து வந்து, நான்காம் நாள் வராமலே இருந்துவிட்டு, மறுநாள் நேரத்துக்கு வந்து நிற்கும் மாணவனைப் போன்றது இது. நெதர்லாந்து மருத்துவர் கரல் வென்கபாக் 1899இல் இதை விவரித்தபோது மருத்துவமனைகளில் இ.சி.ஜி. கருவியே கிடையாது. நாடித் துடிப்பைத் தாளில் பதியும் எளிய கருவியின் கோடுகளில், துடிப்புகள் கூட்டமாகச் சேர்ந்து வரும் விதமும் ஒன்று விடுபடும் விதமும் ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பதைக் கண்டே அவர் அந்த முடிவுக்கு வந்தார். நாடி பார்ப்பதைப் பெருமையாகப் பேசும் நமக்கு அந்தச் செய்தி உவப்பாகவே இருக்கும். இந்த வகைத் தடை பெரும்பாலும் ஏ.வி. கணுவிலேயே நிகழ்கிறது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கும், ஆழ்ந்து உறங்குபவர்களுக்கும்கூட வரலாம். பெரும்பாலும் தீங்கில்லை.

இரண்டாவது வகை அப்படிப்பட்டதன்று. பி அலைக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடையிலான தூரம் கூடுவதே இல்லை. எல்லாத் துடிப்புகளும் நேரம் தவறாமல் வருகின்றன. திடீரென்று, முன்னறிவிப்பே இல்லாமல், ஒன்று வராமல் போகிறது. இத்தடை ஏ.வி. கணுவுக்குக் கீழே, ஹிஸ் கற்றையிலோ அதன் கிளைகளிலோ இருக்கிறது. எந்த நேரத்திலும் முழுமையான தடையாக மாறக்கூடியது என்பதால், நோயாளிக்கு அப்போதைக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்வார்கள். வோல்டெமார் மோபிட்ஸ் 1924இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். அவர் பெயராலேயே மோபிட்ஸ் ஒன்று, மோபிட்ஸ் இரண்டு என்கிறோம். தாளில் இரண்டிலும் ஒரு துடிப்புதான் விடுபடுகிறது. விடுபட்ட இடத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அதற்கு முந்தைய துடிப்புகளை அளந்து பார்த்தால்தான் தெரியும். மேலே இரண்டு துடிப்புக்குக் கீழே ஒன்று என்று மாறி மாறி வரும்போதோ, ஒப்பிட்டு அளக்க முந்தைய துடிப்பே இல்லாததால், எந்த வகை என்று தாளை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அப்போது தாளை நீளமாக ஓடவிட்டுக் காத்திருப்போம்.

மூன்றாம் நிலையில் மேலறையும் கீழறையும் ஒன்றை ஒன்று அறியாமல் இயங்குகின்றன. மேலே சைனஸ் கணு தன் போக்கில் 80 என்று அடித்துக்கொண்டிருக்கும். கீழே எந்தக் குரலும் வராததால் கீழறை தானே ஒரு மெதுவான துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும். அந்தத் துடிப்பு ஏ.வி. கணுவை ஒட்டிப் பிறந்தால் 40 முதல் 60 வரை இருக்கும். கீழறைத் தசையிலேயே பிறந்தால் 20 முதல் 40 வரைதான், அதையும் நம்புவதற்கில்லை. இதைக் கண்டறிய நாங்கள் ஒரு துண்டுத் தாளின் ஓரத்தில் பி அலைகளின் இடங்களைப் பேனாவால் குறித்து, அதை அப்படியே நகர்த்திப் பார்ப்போம். பிற அலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பி அலைகளும் அந்தக் குறிகளுக்கு நேராக அகப்படும். கீழறை சில நொடிகள் துடிக்க மறந்தால் மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார். சிலருக்கு அப்போது வலிப்பும் வரும். டப்ளின் நகரில் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எழுதி வைத்தது இதைத்தான். நான் மேலே சொன்ன மூதாட்டிக்கு வந்ததும் இதுவே.

கிளைத் தடைகள் இந்தக் கணக்கில் சேராதவை. தேர் எடுத்துக்காட்டிலேயே சொன்னால், இடப்புற வடக்காரர்களுக்குக் குரல் கேட்டுவிட்டது. வலப்புறத்தார் அவர்களைப் பார்த்துச் சற்றுப் பிந்தி இழுக்கிறார்கள். தேர் நகரத்தான் செய்கிறது. தாளில் கீழறைத் துடிப்பு மூன்று சிறு கட்டங்கள் அல்லது அதற்கு மேல் அகன்று தெரியும். வலது கிளைத் தடையைப் பற்றி முன்பே சொன்னேன். இடது கிளைத் தடையை அவ்வளவு எளிதாக விடலாகாது. நெடுநாள் ரத்தக் கொதிப்பு, இதயத் தசை நலிவு, கரோனரி நோய் ஆகியவற்றோடு அது சேர்ந்து வருவதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். இடது கிளை மேலும் முன், பின் எனப் பிரிவதால் அரைத் தடை, இருவழித் தடை என்றெல்லாம் உட்பிரிவுகள் உண்டு. அவை மருத்துவருக்கே உரியவை. ஆனால் ஒருவருக்கு ஒரு முறை வலது கிளைத் தடையும் மறுமுறை இடது கிளைத் தடையுமாக மாறி மாறித் தெரிந்தால் அது ஆபத்தின் அறிகுறி. பழைய இ.சி.ஜி. தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள் என்று நான் நோயாளிகளை நச்சரித்ததற்கு அதுவே காரணம்.

ரத்தக்குழாய் அடைப்புக்கும் மின்வழிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ஏ.வி. கணுவுக்கு ரத்தம் தருவது வலது கரோனரிக் குழாய். அது திடீரென அடைபட்டு இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு வரும்போது ஹார்ட் பிளாக்கும் கூடவே வரலாம்; பெரும்பாலும் சில நாள்களில் அது தானே நீங்கிவிடும். முன்பக்க மாரடைப்பில் வரும் தடையோ கற்றையும் கிளைகளும் பெருமளவு சிதைந்ததைக் காட்டுவதால் மிகக் கொடியது. மாரடைப்பு காரணமாகவும் ஹார்ட் பிளாக் விளைவாகவும் இருக்கும் இத்தகைய இடங்களில்தான் இரண்டும் சந்திக்கின்றன.

ஆனால் மற்றக் காரணங்களே மிகுதி. வயது ஏற ஏறக் கடத்தும் இழைகள் நார்த்தன்மை அடைந்து கெட்டுப்போவது முதன்மையானது. அதற்குக் கொழுப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ரத்தக் கொதிப்புக்குத் தரும் அடினோலால், மெட்டோப்ரோலால், டில்டியாசம் போன்ற மாத்திரைகளும், இதய மருந்தான டிகாக்சினும் துடிப்பைத் தடுக்கக்கூடும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட முதியவர்களின் நாடியைக் குறைத்துவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுவதே போதும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் இது நேரும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் மருத்துவமனைகள் நன்கறிந்த இன்னொரு காரணம் அரளி நஞ்சு. அது டிகாக்சினைப் போலவே ஏ.வி. கணுவைத் தாக்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ், ஷோகிரன் நோய்களில் தோன்றும் சில எதிர்ப்பொருள்களைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் குழந்தை சில வேளை முழுமையான தடையோடே பிறக்கிறது. பிறந்த குழந்தைக்கு எந்தக் கொழுப்பு அடைத்திருக்கும்?

சிகிச்சையும் அதனால் வேறாகிறது. மருந்தோ பொட்டாசியமோ காரணமானால் அதைச் சரிசெய்தால் தடை நீங்கலாம். நீங்காத, ஆபத்தான தடைக்கு ஸ்டென்ட் எதுவும் செய்யாது; பேஸ்மேக்கர்தான் வழி. உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. முழுமையான ஹார்ட் பிளாக்கால் நாளுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்த அவருக்காக, பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு பிசினில் வார்த்த அந்தக் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனாலும் லார்சன் அடுத்தடுத்து 26 கருவிகள் வரை மாற்றிக்கொண்டு, அதை வடித்த எல்ம்க்விஸ்ட்டுக்கும் பொருத்திய அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்குக்கும் பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில், இதயத்துக்குத் தொடர்பில்லாத நோயால் இறந்தார். பேஸ்மேக்கர் வைத்தால் ஆயுள் முடிந்தது என்று அழும் குடும்பங்களுக்கு நான் சொல்லிவந்த கதை இது. இடையில் ஒன்று: கருவி உள்ளவர் இறந்தால், எரியூட்டும் முன் அதை எடுத்துவிட வேண்டும், சூட்டில் மின்கலம் வெடிக்கும். இதைச் சொல்லச் சங்கடமாக இருப்பதால் யாரும் சொல்வதில்லை.

இனி சொல்லைப் பற்றி. 'இதய அடைப்பு' என்று எழுதும்வரை இக்குழப்பம் தீராது. 'மின்தடை' என்று எழுதலாமென்றால், தங்கள் நாளிதழிலேயே 'நாளைய மின்தடை' என்ற தலைப்பில் ஊர்ப்பெயர்கள் அச்சாகின்றன. 'கடத்தல் தடை' என்பது சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் விமான நிலையத்தில் தங்கம் பிடித்த செய்தி நினைவுக்கு வரும். 'இதய மின்வழித் தடை' என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் அதை ஏற்கிறேன். எச்சொல்லானாலும் 'அடைப்பு' ரத்தக்குழாய்க்கு மட்டும், 'தடை' மின்வழிக்கு மட்டும் என்று ஆசிரியர் குழு ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டால் போதும்.

திருத்தம் வெளியிடுவதானால், மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், கட்டுரை வந்த அதே நலவாழ்வுப் பக்கத்தில், ஹார்ட் பிளாக்கின் நிலைகளுக்கும் அடைப்பின் சதவீதத்துக்கும் தொடர்பில்லை என்பதையும், அதற்கு ஸ்டென்ட் மருந்தன்று என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன். மருத்துவக் கட்டுரைகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் வாசகர்கள் எங்கள் தெருவிலேயே மூவர் இருக்கிறார்கள். பழைய பத்தியின் மேல் ஒட்டி மறைக்கும் அளவுக்காவது திருத்தம் அகலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.சி.ஜி. நுட்பநர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.